இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கவும்

கம்ப்யூட்டர் தெரியாது என்பதற்காக ஒருவருக்கு ஏழு வருடம் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளத்தை வாங்கிய அக்காவோடு அதே ஏழு வருடம் நானும் வேலை பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

எங்கள் கம்பெனியின் பிழைப்பு இதுதான். கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் செய்கிறவர்கள் தங்கள் சரக்கை எங்களிடம் கொண்டுவருவார்கள். அதை உள்ளே இருந்து நடத்துகிற இயங்குதளம் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா, எங்கே விரல் தடுமாறுகிறது, எங்கே எரிச்சல் வருகிறது என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரே வேலையை நான்கிலும் செய்யச் சொல்லி, எது சுலபம், எது தலைவலி என்று ஒப்பிட்டு அறிக்கை கொடுப்போம். இதற்குக் கெட்டிக்காரர்கள் உதவ மாட்டார்கள். தெரியாதவர்தான் வேண்டும். தெரியாதவரைப் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியாது. ஊரில் எவனைக் கேட்டாலும் எல்லாம் தெரியும் என்கிறான்.

என் வேலை குறிப்பெழுதுவது. சோதனை அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் தன் முகம் மட்டும் தெரியும், எங்களுக்கு அவர் முழுதாகத் தெரிவார். ஜன்னல் கிடையாது. கதவுக்கு எண் பூட்டு. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கூரையில் இரண்டு கேமரா. எந்தக் கம்பெனி சரக்கு என்று தெரியாமலிருக்கப் பெட்டிகளின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருப்போம். நான் இருட்டில் உட்கார்ந்து நிமிடத்தையும் நொடியையும் போட்டு எழுதுவேன்: தேடுகிறார், தவறான இடத்தைத் தொட்டார், திரும்பி வந்தார், பெருமூச்சு. பெருமூச்சுக்கு எங்கள் தாளில் தனிக் கட்டமே உண்டு.

அக்கா ஒரு தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் சட்டைக்குக் காலர் வைத்தவர். அதை இழுத்து மூடியதும், 'கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் மட்டும்' என்ற எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் நாள் வலது கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் துணியை அமுக்குகிற மாதிரி மேஜையில் விரித்து வைத்துக்கொண்டே நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்கு வருகிறவர் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் 'ம்', 'சரி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், கொட்டாவி வரும். அக்கா அப்படியில்லை. நான்கு பெட்டிகளையும் முதல் வாரமே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்.

"இந்த முதல் பெட்டி இருக்கே, இது மாமியார். எதைத் தொட்டாலும் 'நிச்சயமாவா, நல்லா யோசிச்சியா'ன்னு கேக்குது. திடீர்னு தானே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டு, 'நான் முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இரு'ங்குது."

"ரெண்டாவது புது மருமக. பாக்க லட்சணமாத்தான் இருக்கா. ஆனா எந்த டப்பாவை எங்க வெச்சிருக்கான்னு வாயைத் திறக்க மாட்டேங்குறா."

"மூணாவது நம்ம சித்தப்பா. காசு வாங்க மாட்டாரு, எல்லாம் தெரியும். ஆனா ஒண்ணு கேட்டா ஒம்போது கேள்வி கேட்டுட்டு, கடைசியில நம்மளையே செஞ்சுக்கச் சொல்லிடுவாரு."

டேப்லெட்டுக்குக் கைக்குழந்தை என்று பெயர். "தொட்டாலும் சிரிக்குது, தொடாட்டியும் சிரிக்குது. கீழ வைக்கவும் முடியல, வெச்சுக்கவும் முடியல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்த எங்கள் மேடம், அதாவது மேலாளர், அன்றே முடிவு செய்துவிட்டார். வழக்கமாக ஒருவரை ஆறு தடவைக்கு மேல் உட்காரவைக்க மாட்டோம், கை பழகிவிடும். அக்காவை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, வருடத்துக்கு ஒருமுறை நாற்பது கேள்விகள் உள்ள ஒரு பரீட்சை. பதினைந்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும். எங்கள் அறிக்கைகளில் அவருக்குப் பெயர் கிடையாது, 'சாதாரணப் பயனாளர்' என்றுதான் போடுவோம். டீ கொண்டுவருகிறவர்கூட அவரை 'என்ன சாதாரணம், சாப்டாச்சா?' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாவது வருடம் அவர் கணவர் விழுந்துவிட்டார். பஸ் கண்டக்டர். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி நகரும், அதுவும் நடுங்கிக்கொண்டே. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது. சிகிச்சை மையத்தில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். திரையில் பெரிய பெரிய படங்கள். ஒன்றைத் தொட்டால் அது பேசும்: வலிக்கிறது, பசிக்கிறது, விளக்கை அணைக்கவும்.

கண்டக்டர் அதை வைத்துக்கொண்டு அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. அக்கா சமைத்ததை முதல் வாய் வாங்கியதும் 'டாக்டரைக் கூப்பிடவும்' என்று அழுத்துவார். அக்காவின் தங்கை வீட்டுக்குள் காலை வைத்தால் 'எனக்குத் தூக்கம் வருகிறது.' அக்கா திட்டினால் நிறுத்தாமல் 'நன்றி, நன்றி, நன்றி.' கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் போடுவதற்கென்று, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று அக்காவே தன் குரலில் பதிந்து ஒரு படத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். ஒருமுறை நான் போயிருந்தபோது அதைக் கேட்டுவிட்டு எனக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

பேச்சைப் பதிவது, படத்தோடு சேர்ப்பது, இடத்தை மாற்றுவது இதெல்லாம் சும்மா வராது. கண்டக்டருக்காக அக்கா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். மாமியார், மருமகள், சித்தப்பா மூவரும் அவர் கைக்குள் வந்துவிட்டார்கள். அப்போதுதான் வினை ஆரம்பித்தது. கண்டக்டர் படுத்த பிறகு வீட்டில் ஒரே சம்பளம் அக்காவுடையது. அந்தச் சம்பளம் அவருக்குத் தெரியாது என்பதற்கு.

எனக்கு விஷயம் தெரிந்தது எங்கள் காபி இயந்திரத்தால். அதற்கும் ஒரு தொடுதிரை உண்டு. ஆட்கள் இருக்கும்போது அக்கா அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், யாராவது அழுத்திக் கொடுப்பார்கள். ஒருநாள் காலை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அக்கா தனியாக நின்றுகொண்டு டப் டப் என்று பால் கம்மி, சர்க்கரை அரை, சூடு அதிகம் என்று ஐந்தே தொடுதலில் போட்டு எடுத்தார். எனக்கே அந்த 'சூடு அதிகம்' எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கோப்பையைச் சட்டென்று இயந்திரத்திலேயே திருப்பி வைத்தார்.

"தம்பி..."

"நான் ஒண்ணும் பாக்கலக்கா," என்றேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததே வேறு. அவர் கண் நேராகச் சரியான இடத்துக்குப் போகும். ஒரு கணம் நிற்கும். பிறகு விரல் வேண்டுமென்றே பக்கத்துக்குத் தப்பிப் போகும். நான் எழுதுவேன்: தேடுகிறார், தவறான இடம், பெருமூச்சு. நான்கு வருடம் அப்படியே எழுதினேன். யோக்கியன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அக்காவுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை, அவர் மாட்டினால் என் வேலையும் போய்விடும்.

கம்பெனிக்கு வெளியிலும் அவருக்கு விடுதலை இல்லை. வங்கி இயந்திரத்தின் முன்னால் நின்றால் பின்னால் மேடத்துக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார்களோ என்று பயம். கவுண்டரில் போய் அரை மணி நேரம் வரிசையில் நிற்பார். "தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிறது இருக்கே தம்பி, அதுக்குக் காலரே வெச்சிருக்கலாம்," என்றார் ஒருநாள். இருபது வருடம் காலர் வைத்து முதுகுவலி வாங்கியவர் சொன்ன பேச்சு அது.

ஏழாவது வருடம் ஒரு புதுச் சரக்கு வந்தது. டேப்லெட்டில் 'எளிய முறை' என்று ஒன்று. வயதானவர்களுக்காகத் திரையில் ஆறே ஆறு பெரிய பொத்தான்கள். அவ்வளவு சுலபமாகச் செய்து வைத்திருந்தார்கள், பாவிகள். அக்காவுக்கு முன் உட்கார்ந்த நான்கு பேரும் ஒரு தவறும் செய்யவில்லை. அக்காவும் அரை மணி நேரம் தேடிப் பார்த்தார், தவறு செய்ய இடமே கிடைக்கவில்லை. என் பக்கத்தில் மேடம் மெதுவாக, "என்னங்க இது, இவங்க கத்துக்கிட்டாங்களா?" என்றார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்காது. ஆனால் தவறே இல்லாமல் அரை மணி நேரம் போனால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போதுதான் அக்கா அதைச் செய்தார். மேலே இருந்த பொத்தானை எட்டித் தொடுகிற சாக்கில், கீழே இருந்த தொலைபேசிப் பொத்தானின் மேல் முன்கையை உரசவிட்டார். யாருக்கோ அழைப்பு போய்விட்டது.

"ஐயையோ! நான் தொடவே இல்லீங்க! அது தானா போயிடுச்சு! யாருக்குப் போச்சுன்னு தெரியலயே!"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். அப்படி ஒரு நடிப்பு. என் பக்கத்தில் தாடி வைத்த தலைமை வடிவமைப்பாளர் துள்ளிக் குதித்தார். "இதுதான்! இதைத்தான் நாங்க பாக்கல! தப்பித் தவறிப் படுற கை!" என்றார். உரசுவதற்கு முன்னால் அக்காவின் கண் அந்தப் பொத்தானை ஒரு தடவை பார்த்ததை நான் பார்த்தேன். நான் எழுதியது இது: முன்கை தவறிப் பட்டு அழைப்பு சென்றது, பயனாளர் பதற்றம், தீவிரம் உயர்வு.

அந்த ஒரு நிமிட வீடியோவை அவர்கள் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்களாம். எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அக்கா அந்த வருடப் பரீட்சையில் பன்னிரண்டு எடுத்துத் தப்பித்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்கா தாமதமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, இவரால பேச முடியல."

"என்னக்கா, உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு அப்படியேதான் இருக்கு. நேத்து அந்த டேப்லெட் தன்னைத் தானே புதுப்பிச்சுக்கிச்சு. இப்ப எந்தப் படத்தைத் தொட்டாலும் பேச மாட்டேங்குது. 'இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கவும்'னு எழுத்து வருது. இவரால எப்படிப் பிடிக்க முடியும்? விரல் நிக்காதே! வெச்சா எகிறுது, வெச்சா எகிறுது. நேத்து முழுக்க முயற்சி பண்ணி, சாயங்காலம் கையைக் கீழ போட்டுட்டாரு." மூச்சு வாங்கினார். "கறுப்புப் பட்டை ஒட்டியிருந்ததால எனக்குத் தெரியல தம்பி. அது இதே டேப்லெட்டு. அந்த ரெண்டு நொடி, என் முன்கைக்காகப் போட்டது."

'தீவிரம் உயர்வு' என்று எழுதிய கை என்னுடையது. 

அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களுக்கும் தோன்றாமலா இருக்கும்? அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். எளிய முறையில் அந்த இரண்டு நொடியை மாற்றுவதற்கு இடமே வைக்கவில்லை. புதுப்பித்தபோது படம் பேசும் செயலியையும் எளிய முறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள், அந்த முறையை எடுத்துவிட்டால் அது ஓடாது. பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. சிகிச்சை மையத்துக்குப் போன் போட்டால், "பாதுகாப்புக்காகத்தான் செஞ்சிருக்காங்க, கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு அந்த ஊழியரை என்னென்னவோ சொன்னேன். கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்லெட் ஊமையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் மற்ற மூன்று பெட்டிகளையும் கடன் வாங்கிக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். ஏழு வருடம் ஒப்பிட்டு எழுதிய அறிக்கை எதுவும் அங்கே உதவவில்லை. கண்டக்டரின் ஒற்றை விரலுக்கு மாமியாரின் மவுஸ் அடங்கவில்லை, அம்புக்குறி திரையெல்லாம் ஓடியது. மருமகளிடம் திரையையே விசைப்பலகை ஆக்கும் வசதி இருந்தது, ஆனால் நம் மொழியில் பேச அவளுக்கு வாய் இல்லை. சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ளலாம்தான், அதைக் கட்டத் தெரிந்த ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? கண்டக்டர் ஒவ்வொன்றையும் பொறுமையாக முயன்றார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் போய் மேடத்துகிட்ட சொல்லிடுறேன்," என்றார் அக்கா. "அது தானா படல, நான்தான் வேணும்னு பட வெச்சேன்னு."

"சொன்னா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"வேலை போகும். போகட்டும்."

"வேலை மட்டும் போகாதுக்கா. நாலு வருஷ அறிக்கையும் பொய்னு ஆகும். கம்பெனியே அதை அமுக்கத்தான் பாக்கும், வெளிய விடாது. அந்த ரெண்டு நொடி அப்படியேதான் இருக்கும். இங்க ஒண்ணை மாத்தணும்னா ஒரே வழிதான். யாராவது ஒருத்தர் கேமராவுக்கு முன்னாடி அதைச் செய்ய முடியாம திண்டாடணும்."

இதைச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். அடுத்த மாதம் ஒப்பீட்டுச் சுற்று இருந்தது. அதே தாடிக்காரர் வருவார், அதே டேப்லெட் நான்காவது பெட்டியாக இருக்கும். 

"இன்னும் ஒரு தடவை நடிக்கச் சொல்றீங்க."

"கடைசித் தடவைக்கா."

அன்றிலிருந்து அக்கா தினமும் மாலையில் கண்டக்டரின் இடது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். நடுக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது, தூக்கும்போது எப்படி, வைக்கும்போது எப்படி என்று பிடித்துக்கொள்ள. கண்டக்டருக்கு விஷயத்தைச் சொன்னாரா என்று கேட்டேன். "எதுக்குச் சொல்லணும்? கேட்டாத்தானே சொல்ல," என்றார். கண்டக்டரால் கேட்க முடியாது என்பது சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோதனை நாள் வந்தது. மாமியார், மருமகள், சித்தப்பா மூவரிடமும் அக்கா தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறி, கேலி செய்ய வேண்டிய இடத்தில் கேலி செய்து, எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு நான்காவது பெட்டி. இடது கையைத் தூக்கினார்.  அது கண்டக்டரின் கை. அதே ஆட்டம், அதே எகிறல். விரலை வைப்பார், அரை நொடியில் நழுவும். வைப்பார், நழுவும். 'இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கவும்.' 'இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கவும்.' பதினோரு தடவை எண்ணினேன்.

"என்னால முடியலீங்க," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "பேசணும்னு இருக்கு. இது என்னைப் பேச விட மாட்டேங்குது. ஒரு தொடு தொட்டாப் பேசிக்கிட்டிருந்தது. எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அதில் நடிப்பு எதுவும் இல்லை. இருட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் கை வேகமாக எழுதியது. வேலை ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

தாடிக்காரர் மேடத்தின் பக்கம் சாய்ந்தார். "இவங்களுக்கு என்ன ஆச்சு? போன தடவை கை நல்லாத்தானே இருந்தது?"

"தெரியலயே. உடம்பு சரியில்லை போல," என்றார் மேடம்.

நான் குறுக்கே விழுந்தேன். "சார், ரெண்டு நொடி பிடிக்க முடியல. இது பெரிய விஷயம். இந்த மாதிரிக் கை உள்ளவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க."

"இருப்பாங்க, இல்லைன்னு சொல்லல. அவங்களுக்குத் தனியா ஒரு ஆய்வு வெப்போம், ரெண்டு வருஷத்துல பாக்கலாம். இது சாதாரணப் பயனாளருக்கான சுற்று. கைநடுக்கம் உள்ளவங்க முடிவைச் சேத்தா எல்லாம் கோணிடும். இவங்களோடதை எடுத்துடுங்க." பிறகு உண்மையான வருத்தத்தோடு, "பாவம், நல்லா பேசுவாங்க," என்றார்.

அடப்பாவி! நான்கு வருடம் பொய்யாகச் செய்த தவறெல்லாம் சாதாரணம். ஒரே ஒரு நாள், தன் வீட்டில் உள்ளதை உள்ளபடி காட்டினார், அது சாதாரணம் இல்லையாம். எழுந்து அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்கலாம். அக்கா நடிக்கிறார், கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நடிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று கேட்பார்கள், என் குறிப்புத்தாள்களை எடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் உள்ளே போய் அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, அதுதான் கொடுமை. "எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏன் சொல்லல? நீங்க வீட்டுல இருந்து உடம்பைப் பாத்துக்கோங்க. மூணு மாசச் சம்பளம் சேத்துத் தரச் சொல்றேன்."

அக்காவால் நடுக்கத்தை நிறுத்த முடியவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலகல் படிவத்தில் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டீ கொண்டுவருகிறவர் வந்து, "என்ன சாதாரணம், எங்களை விட்டுப் போறியா?" என்று கண்ணைத் துடைத்தார். மேடம் அக்காவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார், பஸ் வரும்வரை நின்றார். அந்த இருபது நிமிடமும் அக்கா கையை ஆட்டிக்கொண்டே நின்றதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அந்த வாரம் தாடிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முன்கை தவறிப் படவில்லை, வேண்டுமென்றே பட்டது, எனக்கு அன்றே தெரியும், அந்த இரண்டு நொடி விதியை எடுத்துவிடுங்கள் என்று. நான்கே வரி. என் பெயரைப் போடாமல் அனுப்பினால் குப்பைக்குப் போகும், போட்டு அனுப்பினால் நான் தெருவுக்குப் போவேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அனுப்பவில்லை. வேண்டுமானால் திட்டுங்கள், நான் தினமும் திட்டிக்கொள்வதைவிடவா நீங்கள் திட்டிவிடப் போகிறீர்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. அக்கா கதவைத் திறந்ததும் சிரித்தார். தையல் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார், அக்கம்பக்கத்துத் துணிகள் மூட்டையாகக் கிடந்தன.

"வாங்க தம்பி, வாங்க! என்ன இளைச்சுப் போயிட்டீங்க? ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

கண்டக்டர் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியின் மேல் ஒரு சின்ன மேஜை, அதில் டேப்லெட். நான் தலையாட்டினேன். கண்ணால் பதில் சொன்னார்.

"இப்ப நல்லாப் பேசுறாரு," என்றார் அக்கா. "இத்தனை நாளா எனக்கு இது தோணல பாருங்க. காட்டுறேன்."

கட்டிலின் இடது பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்டக்டரின் ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் விரல்களுக்குள் வைத்து, ஒரு படத்தின் மேல் அழுத்தினார். அந்தப் பிடியில் நடுக்கம் அடங்கியது. ஒன்று. இரண்டு.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்,' என்றது டேப்லெட்.

"பாத்தீங்களா!" அக்கா எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினார். கண்டக்டர் முழுவதையும் குடித்தார். "முன்ன ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். இப்ப நாப்பது அம்பது வாட்டி பேசுறாரு. தலையணை, விளக்கு, தண்ணி, எல்லாம் கேக்குறாரு. டாக்டரே, இவ்வளவு தண்ணி குடிக்கிறது நல்லதுதான்னு சொல்லிட்டாரு."

 எந்தப் படம் என்று முதலில் முடிவு செய்தது யார் என்று அவரிடம் நான் எப்படிக் கேட்பேன்?

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டரின் விரல் மேஜையை விட்டு எழுந்தது. ஆடிக்கொண்டே, மிக மெதுவாக, திரையின் மேல் வரிசையைப் பார்த்து நகர்ந்தது. அங்கே ஆறேழு படங்கள் இருந்தன. எதற்குப் போகிறது என்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"ரொம்ப நடுங்குது பாருங்க, பாவம்," என்று அக்கா அந்த விரலை ஆசையாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார். ஒன்று. இரண்டு.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்.'

"இதோ, இதோ வந்துட்டேன்," என்று டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினார். கண்டக்டர் என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.